கடைப் பீரங்கியும் வீட்டுப் பீரங்கியும்

ஓட்டல் சாம்பாருக்கும் வீட்டு சாம்பாருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி நம் ஜனங்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். தியேட்டரில் விசிலடித்துப் பார்த்த படம் டி.வி.யில் ஏன் சப்பென்று இருக்கிறது என்றும் பேசுவார்கள். ஆனால் கடையில் காசு போட்டு ஆடுகிற வீடியோ கேமுக்கும், அதையே வீட்டில் ஆடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று, பென்ஷன் வாங்குகிற பாங்க் ஆசாமி யாராவது ஆறு வாரம் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணியிருக்கிறானா?

பண்ணியிருக்கிறான். அடியேன்தான்.

சிரிக்காதீர்கள். 2023 கோடையில் நானும் மனைவியும் நியூஜெர்சியில் இருக்கும் என் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தோம். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். என்னைவிட இரண்டு வயது பெரியவர். இரண்டு வருஷம் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து, பிழைத்து எழுந்து, நடக்க ஆரம்பித்திருந்தார். வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் என் மனைவிக்குக் கவலை அந்தக் கை இல்லை.

"ஏங்க, அண்ணன் சண்டையே போட மாட்டேங்கறாருங்க" என்றாள், போய் இறங்கிய மூன்றாம் நாள் ராத்திரி.

உண்மைதான். மச்சான் சண்டைக்குப் பேர் போனவர். காபியில் சர்க்கரை முதலா, பால் முதலா என்று ஆரம்பித்தால் நடுநிசி வரை விடமாட்டார். அப்படிப்பட்ட மனுஷர் இப்போது எதற்கும் "சரி", "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டின் கீழறையில் ஒரு பழைய அட்டாரி பெட்டி இருந்தது. மச்சான் 1979-ல் எம்.எஸ். படிக்க ஒஹாயோவுக்குப் போனவர். 1981-ல் நாலு தமிழ்ப் பையன்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்கியது. படிப்பு முடிந்து பிரிந்தபோது ஒருத்தர் டி.வி.யை எடுத்துக்கொண்டார், ஒருத்தர் பிரஷர் குக்கரை, ஒருத்தர் கட்டிலை. மச்சான் பங்குக்கு இது வந்தது. கூடவே ஒரே ஒரு கேசட்: ஸ்பேஸ் இன்வேடர்ஸ்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையின் மேலே வேற்றுக்கிரகப் பூச்சிகள் வரிசை கட்டி நிற்கும். அணிவகுத்து வலது பக்கம் நகரும், ஓரம் வந்ததும் ஒரு படி இறங்கி இடது பக்கம் திரும்பும். நடுநடுவே குண்டு போடும். கீழே நம் பீரங்கி ஒன்று. இடம், வலம் நகரலாம், மேலே சுடலாம். ஒளிந்துகொள்ள சில மதில் சுவர்கள். அவை கீழே வந்து சேர்ந்துவிட்டால் ஆட்டம் காலி. அவ்வளவுதான் கதை. வசனம், பாட்டு எதுவும் கிடையாது.

இதை 1978-ல் ஜப்பானில் டைட்டோ கம்பெனிக்காகச் செய்தவர் டோமோஹிரோ நிஷிகாடோ. புரோகிராம், படம், சத்தம், உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் பெரும்பாலும் அவர் ஒருத்தர் கைவேலைதான். மனிதர்களைச் சுடுகிற மாதிரி வைப்பது சரியில்லை என்று, நண்டு, ஆக்டோபஸ், கணவாய் மாதிரி பிராணிகளை வரைந்தார். ஜப்பானில் இந்த ஆட்டத்துக்கென்றே தனிக் கடைகள் முளைத்தன. 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது என்று ஒரு கதை இன்றைக்கும் உலவுகிறது. கதைதான், ஆதாரம் கிடையாது. கல்லாவில் விழுந்த சில்லறை மறுநாள் பாங்குக்குத்தானே வரும்? இதைக் கவுண்ட்டரில் உட்கார்ந்தவனிடம் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பான்.

அட்டாரி வீட்டுப் பெட்டிக்கான கேசட் வந்தது 1980-ல். எழுதியவர் ரிக் மாரர் என்ற அமெரிக்கர். கடையில் ஓடிய ஆட்டத்தை முறையாக உரிமை வாங்கி வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. முதல் வருஷத்திலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இந்த ஒரு கேசட்டுக்காகவே ஜனங்கள் பெட்டியை வாங்கினார்கள். மாட்டுக்காக இல்லாமல் மணிக்காக மாடு வாங்கின மாதிரி.

இப்போது வழக்குக்கு வருவோம்.

வாதி, மச்சானின் மகன். எனக்கு மருமகன் முறை. கம்ப்யூட்டர் வேலை. "மாமா, அப்பா வெச்சிருக்கிறது டூப்ளிகேட். ஒரிஜினல் கடை மெஷின் பார்த்தீங்கன்னா இதைத் தொட மாட்டீங்க" என்றான். பிரதிவாதியான மச்சான் சோபாவில் இருந்தபடி, "சரிப்பா" என்றார்.

சரிப்பாவாவது! பழைய மச்சானாக இருந்தால் பையன் அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டிருக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை மருமகன் எங்கள் இருவரையும் கடற்கரை ஊர் ஒன்றுக்கு அழைத்துப் போனான். பழைய விளையாட்டு மெஷின்களாகவே நிறைந்த ஒரு கூடம். அங்கே இருந்தது ஒரிஜினல். ஆள் உயர மரப் பெட்டி, பக்கவாட்டில் ராட்சசப் படம்.

பையன் சொன்னதில் பாதி உண்மை என்று முதல் பார்வையிலேயே ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று. உள்ளே இருப்பது வெறும் கறுப்பு வெள்ளைத் திரை. அதன்மேல் கலர் தாள் ஒட்டி, கீழே பச்சை, மேலே ஒரு பட்டை ஆரஞ்சு என்று ஜோடித்திருக்கிறார்கள். அதோடு விடவில்லை. திரை நம் எதிரே இல்லை, பெட்டிக்குள்ளே தாழ்வாக இருக்கிறது. அதன் பிம்பம் ஒரு கண்ணாடியில் விழுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் சந்திரன் தரை மாதிரி ஒரு ஓவியம். பூச்சிகள் நிஜமாகவே ஆகாயத்தில் மிதப்பது போலத் தெரிகிறது. நாடக மேடையில் செய்வார்களே, அந்த மாதிரி வித்தை.

அடுத்தது சத்தம். 'தும்... தும்... தும்... தும்...' என்று நாலே சுரம், அடித்தொண்டையில். பூச்சிகள் குறையக் குறைய அது வேகம் பிடிக்கிறது. நம் இதயமும் கூடவே.

பூச்சிகளும் வேகம் பிடிக்கின்றன. இதன் ரகசியத்தை மருமகன் சொன்னான். மொத்தம் 55 பூச்சி, 5 வரிசை, வரிசைக்கு 11. உள்ளே இருக்கும் சின்ன மூளை, திரை ஒரு தடவை புதுப்பிக்கப்படும்போது ஒரே ஒரு பூச்சியைத்தான் நகர்த்தும். நொடிக்கு 60 தடவை திரை புதுப்பிக்கிறது. ஆக 55 பூச்சியும் ஒரு அடி வைத்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி. பாதியைச் சுட்டுவிட்டால் அரை நொடி. கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சினால்? நொடிக்கு 60 அடி! நிஷிகாடோ இதைத் திட்டம் போட்டு வைக்கவில்லை. சுமை குறைந்ததும் மெஷின் தானாக ஓடியது. பார்த்தார், நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். கூட்டம் குறைந்ததும் கவுண்ட்டரில் வேலை விறுவிறு என்று நடப்பதை நானும் முப்பத்தைந்து வருஷம் பார்த்திருக்கிறேன். யாரும் அதை விற்றுக் காசாக்கவில்லை.

நான் ஆடினேன். முதல் ஆட்டம் ஒண்ணரை நிமிஷம். மூன்று பீரங்கியும் போச்சு. இன்னொரு நாணயம். ரெண்டு நிமிஷம். இன்னொன்று. அப்போதுதான் புரிந்தது, இந்தப் பெட்டிக்கு என்மேல் எந்த விரோதமும் இல்லை. ஆனால் நான் சீக்கிரம் இடத்தைக் காலி பண்ணவேண்டும், அல்லது இன்னொரு காசு போடவேண்டும். கடைக்காரன் பிழைக்க வேண்டாமா? மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஓட்டலில் நம் நாற்காலிக்குப் பின்னாலேயே ஒருத்தர் நிற்பாரே, அந்த அவசரம் இந்த ஆட்டத்தின் ரத்தத்திலேயே ஓடுகிறது.

"மச்சான், நீங்க வாங்க" என்றேன்.

அவர் தயங்கி வந்து நின்றார். இடம் போக ஒரு பட்டன், வலம் போக ஒன்று, சுட ஒன்று. ரெண்டு கையும் வேண்டும். இடது கையை நகர்த்தும் பட்டன்களில் வைத்தார். வலது கையைத் தூக்கிச் சுடும் பட்டன் மேல் வைத்தார். அது அங்கேயே இருந்தது. விரல் அமுங்கவில்லை. மேலே 'தும் தும்' என்று அவை பாட்டுக்கு இறங்கின. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"போலாம்" என்றார்.

காரில் யாரும் பேசவில்லை. டூப்ளிகேட் வழக்கை மருமகனும் எடுக்கவில்லை. நல்ல பையன்.

மறுநாள் நான் கீழறைக்குப் போய் அட்டாரியை டி.வி.யோடு இணைக்கச் சொன்னேன். வீட்டுப் பிரதியை முறையாக ஆடிட் செய்துவிடுவது என்று தீர்மானம். பற்று வரவு எழுதாமல் எனக்குத் தீர்ப்பு சொல்ல வராது.

முதலில் பற்று. 55 பூச்சிக்குப் பதில் 36 தான். 6 வரிசை, வரிசைக்கு 6. நாலு மதில் சுவருக்குப் பதில் மூன்று. பூச்சிகளின் உருவம் வேறே, கொஞ்சம் குண்டு. சந்திரன் இல்லை, கண்ணாடி இல்லை. மேலே அவ்வப்போது பறந்து போகும் பறக்கும் தட்டு இருக்கிறதே, அதிலும் மாற்றம். கடையில் அதைச் சுட்டால் 50-லிருந்து 300 வரை கிடைக்கும். எவ்வளவு என்பது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை, நாம் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சரியாக 23-வது குண்டு பட்டால் 300, பிறகு ஒவ்வொரு 15-வது குண்டுக்கும் 300. ஒருபக்கம் செத்துக்கொண்டே இன்னொரு பக்கம் எண்ணிக்கொண்டிருப்பார்களாம் கெட்டிக்காரர்கள். என்னைப் போன்றவனுக்கென்றே செய்த ஏற்பாடு. வீட்டில் அதெல்லாம் இல்லை. எப்போது சுட்டாலும் 200. சர்க்கார் சம்பளம் மாதிரி.

"பார்த்தீங்களா? எவ்வளவு குறைச்சுட்டாங்க" என்றான் மருமகன்.

"ஏன் குறைச்சாங்க?" என்றேன். பாங்கில் எந்தக் கழிவுக்கும் காரணம் எழுதவேண்டும்.

அவன் சொன்ன காரணத்தைக் கேட்டு எனக்கு மாரர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. கடைப் பெட்டிக்கு வேலை செய்யும் நினைவகம் 8 கிலோபைட். அதில் பெரும்பகுதி திரைப் படத்தை அப்படியே வைத்துக்கொள்ளவே போய்விடும். அட்டாரிக்கு எவ்வளவு தெரியுமா? 128 பைட். கிலோவும் இல்லை, ஒன்றும் இல்லை. 64-ல் ஒரு பங்கு. ஒரு தபால் கார்டில் நாலு வரி எழுதினால் நிரம்பிவிடும்.

படத்தை வைக்க இடமே இல்லாதபோது என்ன செய்வது? பழைய டி.வி.யில் ஒரு மின்கதிர் மேலிருந்து கீழே வரி வரியாக ஓடித்தான் படத்தை வரையும். கடைப் பெட்டி, எல்லா இலையிலும் முன்கூட்டியே பரிமாறி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுகிற கல்யாண மண்டபம். அட்டாரியோ, ஆள் உட்கார்ந்த பிறகு அவர் கை வைப்பதற்கு முன்னால் ஓடி ஓடி ஒவ்வொரு இலையாகப் பரிமாறவேண்டும். கதிர் அடுத்த வரிக்கு வருவதற்குள் அந்த வரியில் என்ன காட்டவேண்டும் என்று தயார் பண்ணவேண்டும். ஒரு கணம் பிந்தினால் இலையில் சோறு இல்லை.

அதைவிட ஒன்று. அந்தப் பெட்டியின் படச் சில்லுக்கு, பூச்சி மாதிரி நகரும் உருவங்கள் ஒரு வரியில் இரண்டுதான் தெரியும். இரண்டு பேர் டென்னிஸ் ஆடுவது மாதிரியான ஆட்டங்களுக்காகச் செய்த பெட்டி அது. ஆனால் ஒவ்வொரு உருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மூன்றாகக் காட்டுகிற வசதி ஒன்று உண்டு. மாரர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரிஜினல் ரெண்டு, ஒவ்வொன்றுக்கும் கார்பன் பேப்பர் வைத்து ரெண்டு காப்பி. மூணும் மூணும் ஆறு. வரிசைக்கு ஆறு பூச்சி ஏன் என்பதற்குக் கணக்கு இதுதான்! கஞ்சத்தனம் இல்லை, இருந்த பாத்திரத்தில் பொங்கின பொங்கல்.

கடைசிப் பூச்சியின் வேகம் மட்டும் வீட்டிலும் இருக்கிறது. கடையில் அது மெஷினின் குணத்தால் தானாக வந்தது. இங்கே அட்டாரி கதிரோடு ஓடுவதால் பூச்சி குறைந்தாலும் மெஷின் தானாக வேகமாகாது. வேண்டும் என்று பார்த்து எழுதிச் சேர்க்கவேண்டும். எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்று அந்த ஆசாமிக்குத் தெரிந்திருக்கிறது.

இனி வரவு. கேசட்டில் ஆட்டம் ஒன்று இல்லை, 112! மருமகன் சும்மா விளம்பரம் என்றான். நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். மதில் சுவர் நகரலாம், நகராமல் இருக்கலாம். குண்டு நேராக விழலாம், வளைந்து வளைந்து விழலாம். மெதுவாக வரலாம், வேகமாக வரலாம். பூச்சி கண்ணுக்குத் தெரியலாம், தெரியாமல் இருக்கலாம். ஆக நாலு விஷயம், ஒவ்வொன்றுக்கும் ரெண்டு வழி. பதினாறு. யார் எப்படி ஆடுவது என்பதில் ஏழு விதம். பதினாறேழு நூற்றிப் பன்னிரண்டு. கணக்கு டாலி!

இவ்வளவு எதற்கு? யோசித்தேன். கடைக்காரனுக்கு நீங்கள் மூன்று நிமிஷத்தில் சாகவேண்டும். வீட்டில் வாங்கினவன் பணத்தை ஒரே தடவையில் கொடுத்துவிட்டான், அடுத்த தீபாவளி வரைக்கும் அவனுக்கு அலுக்கக்கூடாது. அங்கே விரட்டுவதற்காகச் செய்தது, இங்கே உட்காரவைப்பதற்காகச் செய்தது. மாரர் கடைப் பெட்டியைக் காப்பியடிக்கவில்லை. காசு போடும் ஓட்டையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது என்று யோசித்திருக்கிறார்.

மச்சான் சோபாவில் இருந்து மெதுவாகச் சொன்னார். "ஒஹாயோல ஒரு கால் டாலருக்கு ரெண்டு செலவு மாப்ளே. ஒண்ணு இந்த மெஷின், இன்னொண்ணு துணி துவைக்கிற மெஷின். நாங்க நாலு பேரும் அழுக்குச் சட்டையோடதான் கிளாஸுக்குப் போவோம். அதனாலதான் கேசட் வாங்கினோம்."

அந்த ஆறு வாரத்தில் அவர் சேர்ந்தாற்போலப் பேசிய முதல் நாலு வாக்கியம் அதுதான்.

நான் அந்த ஏழு விதங்களையும் படித்துக்கொண்டு போனேன். தனியாக ஆடுவது. மாற்றி மாற்றி ஆடுவது. கடையிலும் இரண்டு பேர் ஆடலாம், ஆனால் ஒருத்தர் செத்தால்தான் மற்றவர் முறை. இங்கே இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு பீரங்கியோடு போட்டி போடலாம். கடைசி விதம் என்ன தெரியுமா? இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பீரங்கி. ஒருத்தர் அதை இடது பக்கம் மட்டும் நகர்த்தலாம். மற்றவர் வலது பக்கம் மட்டும். சுடுவது யார் வேண்டுமானாலும் சுடலாம்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

கடையில் இந்த ஆட்டத்துக்கு இடமே கிடையாது. அங்கே ஒரு காசு, ஒரு ஆள். பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், அவர் உங்கள் தம்பியாகவோ மச்சானாகவோ இருப்பார் என்பது வீட்டுக்காகச் செய்தவனுக்குத்தான் தோன்றும்.

ஒரு ஜாய்ஸ்டிக்கை டீப்பாய் மேல் வைத்து நகராமல் டேப் ஒட்டினோம். மச்சான் இடது கையால் அதன் குச்சியை இடது பக்கம் தள்ளினால் போதும். இன்னொன்று என் கையில். வலம் என் பொறுப்பு, சுடுவதும் நான்.

முதல் ஆட்டம் கேவலம். நான் வலமே போய்க்கொண்டிருந்தேன், அவர் தள்ளவே இல்லை. ரெண்டாவதில் ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் இழுத்தோம். மாட்டு வண்டியில் ரெண்டு மாடும் ரெண்டு திசைக்கு இழுத்தால் என்ன ஆகும், அது ஆயிற்று. மூன்றாவதில் கொஞ்சம் பழகியது. அவருக்கு நாற்பது வருஷத்துப் பழக்கம் கையில் இல்லாவிட்டாலும் கண்ணில் இருந்தது. குண்டு எங்கே விழும் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது. "இப்ப", "இப்ப இல்ல", "சுடுங்க" என்று தனித்தனி வார்த்தையாக வந்தது.

இதனால் அவர் கை சரியாகிவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆகவில்லை. நாங்கள் ஊர் திரும்புகிற நாள் வரை வலது கை அப்படியேதான் இருந்தது.

ஆனால் இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி. ஒரே ஒரு பூச்சி பாக்கி. அது மின்னல் மாதிரி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் போய்விட்டது. நான் அவசரத்தில் வலது பக்கம் இழுத்துச் சுட்டுவிட்டேன். பீரங்கி நேராக ஒரு குண்டுக்குக் கீழே போய் நின்றது. படீர்.

"யோவ் மாப்ளே! அறிவிருக்கா உமக்கு? அது எடது பக்கம் போவுது, எடது என் டிபார்ட்மென்ட்! நடுவுல நீர் யாருய்யா? பாங்க்ல இப்படித்தான் அடுத்தவன் கவுண்ட்டர்ல கைய வெப்பீரா?"

வீடே அதிர்ந்தது. மாடியிலிருந்து என் மனைவி தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள்.

"என்னங்க சத்தம்? அண்ணன் திட்டறாரா?"

"ஆமா."

"யாரை? உங்களையா?"

"என்னைத்தான்."

கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் நான் திட்டு வாங்கி அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா திட்டுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் காபி போடப் போனாள்.

"சர்க்கரை முதல்ல போடச் சொல்லும்" என்றார் மச்சான்.

"பால்தான் முதல்ல" என்றேன் நான்.